நான்கறை வயிறும் ஒரு தெருப் பொங்கலும்

ஆரணியில் நாங்கள் பிறந்து வளர்ந்த தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. மாடு இருந்த வீடு ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் வீடு. இரண்டு குழித்தறிகள் போட்ட கூடத்தைத் தாண்டினால் புழக்கடை; அங்கே ஓலைச் சார்ப்பின் கீழ் ஒரு செவலைப் பசு கட்டியிருக்கும். நெசவுக்காரன் வீட்டில் மாடு எதற்கு என்று அப்பாவைக் கேலி செய்தவர்கள் உண்டு. தறியில் பாவு ஏறாத மாதங்களில் எங்கள் அடுப்பு எரிந்தது அதன் பாலால் என்பது ஆயாவுக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த கணக்கு. அதற்குப் பெயர் என்று தனியாக எதுவும் இல்லை. செவலை என்றால் திரும்பிப் பார்க்கும்.

1991ஆம் ஆண்டு மாட்டுப் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் செவலை செத்தது. எதனால் செத்தது என்பது எங்களுக்குத் தெரிய முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலம் முழுவதும் எங்கள் வீட்டில் வேறொரு காரணம் புழங்கிவந்தது. அந்தக் காரணம் எதிர்வீட்டில் குடியிருந்தது.

தமிழ் படித்து, தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவர்கள் வயிற்றைப் பற்றி எழுதலாமா என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். திருக்குறளில் மருந்து என்ற 95ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், பத்துக் குறட்பாக்களில் ஆறு உணவின் அளவையும் அது செரிப்பதையும் பற்றியவை. மருந்தின் பெயர் ஒன்றுகூட அதில் வராது. ஆகவே எங்கள் துறைக்கு முற்றிலும் புறம்பான பொருளில் கைவைத்ததாக யாரும் குறைகூற முடியாது.

அந்த ஆண்டு தை பிறப்பதற்கு முன்பு அப்பா ஒரு முகூர்த்தச் சேலையை முடித்துக் கொடுத்துக் கூலி வாங்கியிருந்தார். வீட்டில் வெல்லமும் நெய்யும் தாராளமாக இருந்தன. அரிசிக்கோ எங்கள் ஊரில் என்றும் பஞ்சமில்லை; பட்டுக்கு அடுத்தபடி ஆரணிக்குப் பெயர் வாங்கித் தந்தவை அரிசி ஆலைகள்தாம். மாட்டுப் பொங்கலன்று காலையில் அக்கா, தம்பி உட்பட நாங்கள் மூவரும் செவலையைக் கமண்டல நாகநதிப் பக்கம் ஓட்டிப்போய்க் குளிப்பாட்டினோம். கொம்புக்கு வர்ணம் அடித்து, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் மாலை கட்டினோம். வாசலில் நிறுத்தி வாழை இலையில் பொங்கலும் வாழைப்பழமும் படைத்தாயிற்று. முறைப்படி ஒரு கவளம் ஊட்டிவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் தெருவுக்கு ஒரே மாடு. தறிக்காரர்கள் வீட்டிலும் பொங்கல் பொங்கும். அதை ஊட்டுவதற்கு அவர்களுக்கு மாடு வேண்டாமா? ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இலையில் ஒரு படையல் வந்தது. வந்ததையெல்லாம் செவலை மறுக்காமல் தின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டு அத்தை தன் பங்கை ஊட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று, "இன்னாமா தின்னுது பாரு! வயிறா இது, அண்டாவா?" என்று சிரித்தார். தெருவே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். இரவு எல்லோரும் படுத்த பின், அடுக்களையில் மீந்திருந்த வெண்பொங்கல் பானையைத் தம்பியும் நாங்களுமாகத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் கவிழ்த்தோம். அந்த ஒரு செயலை மூவரும் இன்றுவரை அம்மாவிடம் சொன்னதில்லை.

விடியற்காலையில் முதலில் கவனித்தவர் ஆயா. "மாடு அசை போடலடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண் மங்கி, இடப்பக்க வயிறு உப்பி, செவலை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. நண்பகலில் புளித்த நாற்றத்தோடு கழிந்தது. நடந்தால் குடித்தவனைப் போலத் தள்ளாடியது. இஞ்சி, பெருங்காயம், விளக்கெண்ணெய் என்று தெரிந்ததையெல்லாம் மூங்கில் கொட்டத்தில் ஊற்றிப் புகட்டினார்கள். விடுமுறை நாட்கள் என்பதால் மருத்துவர் மறுநாள் மாலைதான் வந்தார். அப்போது அது கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிட்டிருந்தது. அவர் ஒரு ஊசி போட்டார், தலையை அசைத்தார், போய்விட்டார்.

கண்ணேறு என்றார் ஆயா. வீட்டில் எல்லோருக்கும் யாருடைய கண் என்பது சொல்லாமலே விளங்கியது. எதிர்வீட்டு அத்தை அதுவரை எங்கள் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊடைப் பட்டைத் தார்க்குச்சியில் அவரைப் போல் சீராகச் சுற்ற எங்கள் தெருவில் ஆளில்லை என்று அப்பாவே சொல்வார். அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு நூல் போவது நின்றது. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. அவர் வாசலில் கோலம் போடும் நேரம் பார்த்து எங்கள் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. அவருடைய மகளோடு அக்கா பள்ளிக்குப் போவது நின்றது. சில மாதங்கள் பொறுத்து அவர் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்.

2024 பிப்ரவரியில் எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஆரணியை அடுத்த ஒரு சிற்றூரில் ஏழு நாட்கள் நடந்தது. ஒருநாள் கால்நடை மருத்துவ முகாம். ஊசி போட்டு முடித்தபின், அந்த இளம் பெண் மருத்துவர் மரத்தடியில் ஊர்க்காரர்களை உட்காரவைத்துப் பேசினார். "தீபாவளிக்கு மறுநாள் மனுஷ டாக்டருக்கு வேலை அதிகம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்களுக்கு" என்று அவர் தொடங்கியபோது நாங்கள் பின்வரிசையில் மாணவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தோம். பொங்கல், சாதம், இட்லி மாவு, கல்யாண வீட்டு எச்சில் இலைச் சோறு என்று வரிசையாகச் சொல்லி, அதன் பின் மாட்டுக்கு வரும் அடையாளங்களை அடுக்கினார். அசை நிற்கும், பல்லைக் கடிக்கும், புளித்த நாற்றத்தோடு கழியும், தள்ளாடும், கழுத்தை மடித்துப் படுக்கும். ஊற்றிக்கொண்டிருந்த மோர் குவளையில் நிரம்பி வழிந்ததைப் பக்கத்திலிருந்த மாணவிதான் சுட்டிக்காட்டினாள்.

அன்று மாலை அவரைத் தனியே பிடித்து உட்காரவைத்துக் கேட்டோம். பிறகு படித்தும் தெரிந்துகொண்டோம். அந்தக் கணக்கை இங்கே எங்களுக்குப் புரிந்த அளவில் சொல்கிறோம்.

வைக்கோலில் நமக்கு ஆகாரம் எதுவுமில்லை. மாட்டுக்கும் இல்லை என்பதுதான் வியப்பு. வைக்கோலின் நார்ப்பொருளைக் கரைக்கிற செரிமான நீர் எதையும் மாட்டின் உடல் சுரப்பதில்லை. அந்த வேலையைச் செய்பவை அதன் முதல் வயிற்றில் குடியிருக்கிற, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அந்த முதல் அறை நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். எதிர்வீட்டு அத்தை அண்டா என்று சொன்னது உவமையே அல்ல, அளவு. மாடு மேய்ந்ததை அரைகுறையாக விழுங்கி அந்த அண்டாவில் நிரப்புகிறது. உள்ளே அது ஊறிப் புளிக்கிறது. பிறகு நிழலில் படுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குத் திரும்பக் கொண்டுவந்து மெல்லுகிறது. ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் இதற்கே போகிறது. நுண்ணுயிர்கள் நாரைச் சிதைத்து உண்டாக்கும் அமிலங்களை வயிற்றுச் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. மாட்டுக்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதி அந்த வழியில் கிடைக்கிறது. உண்டாகும் வாயுவை ஏப்பமாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விடமுடியாத மாடு உப்பிச் சாகும்.

இரண்டாவது அறையின் உட்சுவர் தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக இருக்கும். தீவனத்தோடு விழுங்கிய ஆணியும் கம்பியும் போய்த் தங்குவது அங்கேதான். மூன்றாவது, புத்தகத் தாள்களைப் போல மடிப்பு மடிப்பாக இருந்து நீரை வடிக்கிறது. நான்காவதுதான் நம்முடையதைப் போன்ற அமில வயிறு. மேலிருந்து வழிந்து வரும் நுண்ணுயிர்களே அங்கே செரிக்கப்படுகின்றன. அதாவது மாடு வைக்கோலைப் போட்டுத் தன் வயிற்றுக்குள் ஒரு மந்தையை வளர்த்து, பிறகு அந்த மந்தையைத் தின்கிறது. புல் தின்னும் சாதுவான பிராணி என்று நாம் கொண்டாடும் பசுவைப் பற்றி இப்படிச் சொல்வது சிலருக்கு உவப்பாக இராது.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு சமநிலையில் நிற்கிறது. புளிப்பு மிஞ்சிவிடாமல் காப்பது எச்சில். அசைபோடும்போது மாட்டுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேல் எச்சில் ஊறுகிறது. அதில் சோடா உப்பின் காரம் கலந்திருக்கிறது. பொங்கல் போன்ற மாவுப்பொருள் திடீரெனக் குவிந்தால் என்ன நடக்கும்? நாரைத் தின்னும் நுண்ணுயிர்கள் பொறுமைசாலிகள். மாவைத் தின்பவை அவசரக்காரர்கள். சில மணி நேரத்தில் பல்கிப் பெருகித் தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலத்தைக் கொட்டித்தீர்க்கும். புளிப்பு ஏற ஏற நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. வயிற்றின் இயக்கம் நிற்கிறது; அசை நிற்கிறது; அசை நின்றால் எச்சிலும் குறைகிறது; எச்சில் குறைந்தால் புளிப்பு இன்னும் ஏறுகிறது. உடம்பிலுள்ள நீரெல்லாம் அந்தப் புளித்த அண்டாவுக்குள் இறங்குகிறது. அமிலம் இரத்தத்தில் கலக்கிறது. பிறகு இரண்டு மூன்று நாள்.

"அரிசி விஷமா டாக்டர்?" என்று கேட்டோம். "இல்லீங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கினா தானியத்தையும் தின்னும். பழக்கமில்லாத வயித்துல ஒரே நாள்ல கொட்டினாத்தான் வினை" என்றார். முதற்சில மணி நேரத்தில் கண்டுகொண்டால் என்ன செய்வார்கள் என்றும் கேட்டோம். தீவனத்தை நிறுத்திவிட்டு, சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்துப் புகட்டுவார்களாம். முற்றிய நிலையில் இரத்தக்குழாய் வழியே மருந்து நீர் ஏற்றுவார்களாம். சில சமயம் வயிற்றைத் திறந்து அள்ளிக் கொட்டுவார்களாம். நல்ல மாட்டின் முதல் வயிற்று நீரை எடுத்து நோயுற்ற மாட்டுக்குப் புகட்டி, இறந்துபோன நுண்ணுயிர்களுக்குப் பதிலாகப் புதியவற்றைக் குடியேற்றுவதும் உண்டாம்.

சோடியம் பைகார்பனேட் என்றால் ஆப்பசோடா. அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் உண்டு. தறிக்குழியில் காலை ஆறு மணிக்கு இறங்கினால், பாவு ஓடுகிற மும்முரத்தில் பதினொன்றுக்கும் சாப்பிடுவார், மூன்றுக்கும் சாப்பிடுவார். எரிச்சல் தாங்காமல் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார். அதற்கென்றே ஒரு தகர டப்பா அடுக்களை மாடத்தில் எப்போதும் இருந்தது. செவலை நின்றிருந்த இடத்திலிருந்து அந்த மாடம் பத்தடி தூரம் இருக்கும். ஒரு டப்பா போதாது என்றும், அளவு மருத்துவர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்றும் அந்த அம்மையார் எங்களுக்கு ஆறுதலாகவே சொன்னார். ஆனாலும் அந்தத் தகர டப்பா எங்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு வயிறுகளைப் பற்றிப் படிப்பது எங்களுக்கு ஒரு நோயாகவே ஆயிற்று என்று சொல்ல வேண்டும். துறை நூலகத்தில் யாப்பருங்கலக்காரிகை கேட்டு வரும் மாணவர்கள், எங்கள் மேசையில் விலங்கியல் நூல்களைப் பார்த்துத் திகைத்தார்கள். யாப்பிலும் அசை, மாட்டு வாயிலும் அசை என்று சமாளித்தோம்.

எங்கள் ஊரின் சோறே ஒரு புழுவின் செரிமானத்தில் இருந்து வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆரணித் தறிகளில் ஓடும் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்தில் இருந்து வருகிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் பட்டுப்புழுவைக் கண்ணால் பார்த்து வளரவில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த புழு, நான்கு முறை தோலுரித்து, ஒரு மாதத்திற்குள் தன் எடையை ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்காக்கிக்கொள்கிறது. தின்பதில் பெரும்பகுதி கடைசி ஒரு வாரத்தில். முசுக்கொட்டை இலையைத் தவிர வேறொன்றை வளர்ப்பிடங்களில் அதற்குப் போடுவதில்லை. மாட்டைப் போல நாரைச் சிதைக்க அது மெனக்கெடுவதே கிடையாது. இலையின் புரதத்தைப் பிழிந்துகொண்டு நாரைக் கழித்துவிடுகிறது. அதன் குடல் நம்முடையதற்கு நேர்மாறு. நம் வயிற்றில் அமிலம். அதன் குடலில் கடுமையான காரம், சலவை சோடாக் கரைசல் அளவுக்குக் கூட.

இலையிலிருந்து பெற்ற புரதம் போய்ச் சேருவது பட்டுச் சுரப்பிகளுக்கு. அவை உண்மையில் உருமாறிய உமிழ்நீர்ச் சுரப்பிகள். கல்யாணப் பெண் உடுத்துகிற முகூர்த்தச் சேலை கெட்டிப்பட்ட எச்சில் என்று அக்காவிடம் சொன்னபோது அவர் பல நாட்கள் எங்களோடு சரியாகப் பேசவில்லை. கூடு கட்டத் தொடங்குமுன் புழு தன் குடலில் உள்ளதையெல்லாம் கழித்துவிட்டுக் கண்ணாடி போல ஆகிவிடுகிறது. பிறகு அது ஒரு வாய்கூடத் தின்பதில்லை. கூட்டைத் துளைத்து வெளிவரும் அந்துப்பூச்சிக்கு உண்ணத்தக்க வாயே கிடையாது. அப்படியானால் கூட்டை எதைக் கொண்டு துளைக்கிறது? புரதத்தைச் செரிக்கும் ஒரு நீரை முகத்திலிருந்து கசியவிட்டு, இழைகளை ஒட்டியிருக்கும் பசையைக் கரைத்து வழி உண்டாக்கிக்கொள்கிறது. ஆகாரமே இல்லாத பிறவிக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு செரிமானம். அதற்கும் நாம் இடம் கொடுப்பதில்லை. இழை அறுந்துவிடும் என்பதால் உள்ளே இருப்பதை முன்னதாகவே ஆவியில் கொன்றுவிடுகிறோம். அந்தப் பசையைத்தான் பட்டறையில் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து நீக்குகிறார்கள். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அந்தக் கொதிநீரோடு போய்விடும். எடைபோட்டு நூல் வாங்கும் நெசவாளிக்கு இந்தக் கணக்கு யாரும் கற்பிக்காமலே தெரியும்.

வீட்டைச் சுற்றி இருந்த மற்றவையும் நினைவுக்கு வந்தன. கோழிக்குப் பல் இல்லை. அதற்குப் பதிலாகத் தடித்த தசைப் பை ஒன்றில் பொறுக்கி விழுங்கிய கற்களை வைத்து அரைக்கிறது. கறிக்கு அறுக்கும்போது அதைப் பிளந்து, மஞ்சள் தோலை உரித்து, மணலைக் கழுவுகிற வேலை எங்களுடையதாக இருந்தது. சலவைக்காரர் வீட்டுக் கழுதை, குதிரையைப் போலவே, நாரைக் குடலின் பின்பகுதியில் புளிக்கவைக்கிறது, அசை கிடையாது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. தவறாகத் தின்றதைத் திருப்பித் தரும் வழி அதற்கு அடைபட்டிருக்கிறது. முயலின் ஏற்பாடு விசித்திரமானது: முதல் முறை கழிக்கும் மென்மையான உருண்டைகளைத் தானே தின்று இரண்டாம் முறை செரித்துக்கொள்கிறது.

யானை தின்பதில் பாதிகூடச் செரிப்பதில்லை. திருவண்ணாமலைக் கோயிலில் 2018ஆம் ஆண்டு இறந்துபோன ருக்கு யானையின் முன் வாழைப்பழத்தோடு நின்ற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதன் சாணத்தில் முழுசாகத் தெரிந்த தழைநார் ஞாபகம் இருக்கும். நாளெல்லாம் தின்றுகொண்டே இருக்க வேண்டிய உடம்பு அது. மணிமேகலையில் காயசண்டிகையைப் பன்னிரண்டு ஆண்டுகள் வாட்டிய தீராப் பசிக்குச் சாத்தனார் யானைத்தீ என்று பெயர் வைத்திருக்கிறார். முனிவனுக்கு உரிய நாவற்கனியைக் காலால் சிதைத்ததற்குக் கிடைத்த சாபம். யானையை வளர்த்தவர்கள் அருகிலிருந்து பார்த்த ஒன்று அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது என்று இப்போது வகுப்பில் சொல்கிறோம். உரையாசிரியர்கள் யாரும் சாணத்தைச் சான்று காட்டவில்லை என்பது உண்மைதான்.

உணவு வயிற்றில் அரைபடுகிறதா, கரைகிறதா என்ற கேள்விக்கே ஐரோப்பியர்கள் நெடுங்காலம் விடை தேடியிருக்கிறார்கள். 1752இல் ரெயோமூர் என்ற பிரெஞ்சுக்காரர், இறைச்சி அடைத்த சிறு உலோகக் குழாய்களைத் தான் வளர்த்த பருந்துக்கு விழுங்கக் கொடுத்தார். செரிக்காததைக் கக்கிவிடுவது பருந்தின் வழக்கம். கக்கிய குழாய்க்குள் எதுவும் அரைத்திருக்க வழியில்லை. ஆயினும் இறைச்சி கரைந்திருந்தது. பிறகு 1822இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் துப்பாக்கி வெடித்து வயிற்றில் காயம்பட்ட செயின்ட் மார்ட்டின் என்ற கூலியாள் பிழைத்துக்கொண்டார்; ஆனால் வயிற்றில் விழுந்த துளை மூடவே இல்லை. சிகிச்சை செய்த போமாண்ட் என்ற இராணுவ மருத்துவர், 1825 ஆகஸ்டில் அந்தத் துளை வழியே இறைச்சித் துண்டுகளையும் ரொட்டியையும் முட்டைக்கோசையும் உள்ளே இறக்கி, ஒரு மணி நேரம் கழித்து வெளியே இழுத்துப் பார்த்தார். ரொட்டியும் கோசும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. அவற்றைக் கட்டி இறக்கியது பட்டு நூலில். பட்டுக்கு இப்படியும் ஒரு பயன் இருந்திருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னோம். "அந்த ஆளுக்கு எவ்வளவு கூலி குடுத்தான்?" என்று கேட்டார். நெசவாளியின் கேள்வி. செயின்ட் மார்ட்டின் அந்த மருத்துவரிடம் வேலையாளாக இருந்தவர் என்பதையும், சலித்துப்போய் ஒருமுறை ஓடிப்போனார் என்பதையும் சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்பாவிடம் செவலையைப் பற்றியும் சொன்னோம். பொங்கல்தான் காரணம் என்றதும் அவர் சிறிது நேரம் பேசவில்லை. "எனக்கு அன்னைக்கே சந்தேகம்" என்றார். ஆலைத் தவிட்டை அளவுக்கு மீறித் தின்று ஒரு மாடு அதேபோலச் செத்ததைச் சிறு வயதில் பார்த்திருக்கிறாராம். அப்படியானால் ஏன் சொல்லவில்லை? "சொன்னா உங்க மூணு பேர் மேலேயும் பழி வரும். பானை காலியாக் கெடந்ததை நான்தான் விடியக்காலம் எடுத்துக் கழுவி வெச்சேன்" என்றார்.

எதிர்வீட்டு அத்தையின் பெயர் அந்தக் கழுவிய பானைக்கு ஈடாகப் போயிருக்கிறது. அப்பா அதை யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். யோசித்துத்தான் செய்திருப்பார். பிள்ளைகளைக் காப்பது அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்கலாம். ஆயாவை எதிர்த்துப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அவரைக் குறைசொல்லும் இடத்தில் நாங்கள் இல்லை. இருந்தாலும் ஒரு பெண் தன் வேலையை இழந்தது கண்ணேறால் அல்ல, எங்கள் மௌனத்தால்.

இப்போது எங்கள் தெருவில் மாடு இல்லை. கடைவீதியில் திரியும் மாடுகள் பொங்கலன்று வாசல் வாசலாக வந்து நிற்கும். அவற்றின் வயிறு வேறு கதை. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் ஒரு பசுவின் வயிற்றை அறுத்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். அதே ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. சாதம் மீந்த பையோடு சேர்த்தே மாடு விழுங்குகிறது. பை அந்த அண்டாவை விட்டு வெளியேறுவதில்லை, வாய்க்கும் திரும்புவதில்லை.

இந்த ஆண்டு சித்திரையில் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தபோது மூவருமாக எதிர்வீட்டுக்குப் போனோம். அந்த வாசற்படியை ஏறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தைக்கு எழுபது நெருங்குகிறது. ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். யாரென்று தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அண்டாவில் ஆரம்பித்து ஆப்பசோடா வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். இரவில் பானையைக் கவிழ்த்ததையும் சொன்னார். நடுவில் விட்டுப்போனதை நாங்கள் எடுத்துக்கொடுத்தோம்.

அத்தை இடையில் குறுக்கிடவில்லை. முடிந்தபின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் ரெண்டு வாட்டி கொண்டாந்தேன்டி" என்றார். "காலையில ஒரு இலை. சாயங்காலம் ஒரு இலை. யாருக்கும் தெரியாம புழக்கடைப் பக்கமா வந்து ஊட்டிட்டுப் போனேன். இத்தினி வருசமா என் கண்ணாலதான் செத்துச்சுன்னு நானே நெனைச்சுக்கிட்டு இருந்தேன். எங்க பேத்தி சாப்புடறப்பகூட நேராப் பாக்க மாட்டேன்."

தம்பி எழுந்து தெருப்பக்கம் போய் நின்றுகொண்டான். உள்ளேயிருந்து அந்தப் பேத்தி காபி கொண்டுவந்தாள். அத்தை குவளையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, எங்களைப் பார்த்து ஒன்று கேட்டார்.

"இதை உங்க ஆயாகிட்ட சொன்னீங்களா?"

ஆயா இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அது அவருக்கும் தெரியும். பந்தல்கால் ஓரமாக வந்து நின்றுவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனவர் அவர்.